பக்தியின் செலவு யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று பழைய வட ஆற்காட்டில் கடையும் கம்பெனியும் நடத்துகிறவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். மண்டிக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள், டேனரி, ஷூ கம்பெனி வைத்திருப்பவர்கள், லாட்ஜ், மருந்துக் கடை, தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் எல்லாருக்கும்தான். முப்பது வருடத்துக்குக் கிட்ட உங்கள் கடைகளில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். கையால் பேரேடு எழுதிய காலத்தில் தொடங்கி கம்ப்யூட்டரில் டேலி வரைக்கும் வந்தேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். யார் கடையையும் பெயர் சொல்லி எழுதப் போவதில்லை. யாரையும் அவமானப்படுத்த இதை எழுதவில்லை. ஆள் எடுக்கும்போதும் வேலை கொடுக்கும்போதும் நாம் மதமும் சாதியும் பார்ப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுக் கணக்கு போடும் நாளில் முதல் பக்கம் எழுதுவது என் வேலை. மண்டியில் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, நடுவில் ‘லாபம்’ என்று எழுதுவேன். பாய் கடையில் பக்கத்தின் தலையில் 786 என்று எழுதுவேன். தோட்டப்பாளையத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவர் மருந்துக் கடை வைத்திருந்தார். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு, கண்ணை மூடி இரண்டு நிமிடம் நிற்பார். நானும் கூடவே நிற்பேன். நான் முருக பக்தன், ஆடிக் கிருத்திகை தவறாமல் வள்ளிமலைப் படி ஏறுகிறவன். அந்த மூன்று முதல் பக்கங்களையும் ஒரே மனசோடுதான் எழுதினேன்.

அதனால் கடையில் சாமி எதற்கு என்று கேட்கிற ஆள் நான் இல்லை. சாமி இருந்ததால் நன்றாக நடந்த கடைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பாய் இருந்தார். வேலை செய்தவனின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடு என்பது நபிமொழி என்று அடிக்கடி சொல்வார். சொன்னபடி நடக்கவும் செய்தார். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரம், ஊரில் பாதிப் பேர் கூலியைத் தள்ளிப் போட்டார்கள். இவர் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் நூறு ரூபாய்க் கட்டுகளை வாங்கி வந்து சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா செய்தார். இன்னொரு மண்டி முதலாளி தினமும் கடை திறந்ததும் தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தத் தராசில் நூறு கிராம் ஏமாற்று நடந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் பெரிய காரியங்கள் பலவற்றுக்குப் பின்னால் மத நம்பிக்கைதான் இருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு இங்கே வைத்தியம் தொடங்கியது அவருடைய விசுவாசத்தினால்தான். அதுதான் இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919லேயே வந்துவிட்டது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை அள்ளி அள்ளித் தர்மம் செய்தார். இவையெல்லாம் நம் ஊர்ப் பெருமை. இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த பக்தியின் செலவை அவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டார்கள்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கணக்கு எழுதுகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, எந்தச் செலவை யார் பற்றில், அதாவது யார் தலையில், எழுதுவது என்பதைத்தான். முதலாளி வீட்டுப் பூசைச் சாமானைக் கடைச் செலவில் எழுதினாலே ஆடிட்டர் கேட்பார். ஆனால் முதலாளியின் பக்திக்கு ஆகும் செலவை வேலைக்கு வந்த ஆளின் பற்றில் எழுதினால் கேட்க ஆளில்லை. அப்படி நானே எழுதியிருக்கிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங் கவுண்டருக்கு ஆள் தேவை என்று வாசலில் அட்டை மாட்டியிருந்தோம். கொணவட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்தவள், டேலி தெரியும். தலையில் சாம்பல் நிறத்தில் முக்காடு. ஆள் எடுக்கும்போது நான் ஒரு சோதனை வைப்பேன். பழைய பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, நாலு சேலை, இரண்டு வேட்டி, கொஞ்சம் தள்ளுபடி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று சொல்லிக் கூட்டச் சொல்வேன். கால்குலேட்டர் கொடுக்க மாட்டேன். அவள் கூட்டி முடித்து, தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் எழுத்தாலும் எழுதியிருந்தாள். எழுத்தால் எழுது என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஒன்றுக்காகவே அவளை எடுத்திருக்க வேண்டும்.

முதலாளிக்கும் பிடித்துவிட்டது. சம்பளம் வரைக்கும் பேசி முடித்தார். அப்புறம் கேட்டார்: “வெள்ளிக்கிழமை காலையில பூசை இருக்கும்மா. கவுண்டர் கவுண்டரா கற்பூரத் தட்டு காட்டணும். பில்லிங்ல இருக்கிற பொண்ணுதான் வழக்கமா எடுத்துக்கினு போகும். நெத்தியில பொட்டு இருக்கணும். செய்வியா?”

“பூசை முடியற வரைக்கும் நானும் நிக்கறேன் சார். தட்டு மட்டும் வேற யாராவது எடுத்துக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தின் மூலையில் ‘பிறகு சொல்கிறோம்’ என்று எழுதினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அந்தத் தட்டைத் தூக்க அந்தக் கடையில் பதினாலு பேர் இருந்தோம். நானே தூக்கியிருப்பேன். அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. என் பங்கை மறைத்துவிட்டு உங்களிடம் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இது ஒரு மதத்தார் மட்டும் செய்கிற தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர், ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேர் அவரைத் தாண்டி மேலே போனார்கள், கல்லாச் சாவி கடைசி வரை அவர் கைக்கு வரவில்லை. காரணம் கேட்டதற்கு, “அது நம்ம ஜமாத் ஆளுங்க கையில இருந்தா நல்லது” என்று பதில் வந்தது. வேறொரு இடத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்குப் போன ஒரு பையனிடம் பாஸ்டர் கடிதம் கேட்டார்கள். மணி அடிக்கவும் கோப்பு எடுத்துக் கொடுக்கவும்தான் அந்த வேலை.

அப்புறம் அந்தத் தம்ளர். ஒரு மண்டியின் பின்கட்டில் ஜன்னல் திண்டு மேல் ஒரு எவர்சில்வர் தம்ளர் எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். எங்களுக்கெல்லாம் டீக்கடைப் பையன் கொண்டு வருகிற கண்ணாடி கிளாஸ், மூட்டை தூக்குகிற இரண்டு பேருக்கு மட்டும் அந்தத் தம்ளர். முதலாளியம்மா நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவர். கேட்டால், “ஆச்சாரம் பார்க்கிற கடை” என்றார். அந்த இருவரில் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு, தம்ளரைத் தானே கழுவி, டீ வாங்கிக் குடித்து, தானே கழுவி, தானே கவிழ்த்து வைப்பார். இருபது வருடம் அதே சுவரோரம் நின்று குடித்தார். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துக்கே ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று பெயர். அந்தப் பெயரை விலாசத்தில் அச்சடித்த பில் புத்தகம் அதே கடையின் மேஜை மேல் கிடந்தது.

நீங்கள் சொல்கிற காரணங்கள் எனக்குத் தெரியும். முதல் காரணம் நம்பிக்கை. நம்ம ஆள் என்றால் ஏமாற்ற மாட்டான் என்பீர்கள். இத்தனை வருடத்தில் கல்லாவில் கை வைத்த மூன்று விவகாரங்களை நானே கணக்குப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். இரண்டில் மாட்டியவர்கள் முதலாளியின் சொந்தக்காரர்கள், மூன்றாவதில் மாட்டியவர் முதலாளியோடு ஒரே கோயில் கமிட்டியில் இருந்தவர். தினசரி கல்லாவை எண்ணிக் கையெழுத்து வாங்கினால் திருட்டு குறையும். நெற்றியைப் பார்த்துக் குறைந்து நான் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்பது அடுத்த காரணம். காந்தி ரோட்டில் ஒரு நடை போய்விட்டு வந்து இதைச் சொல்லுங்கள். வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று லாட்ஜ், ஓட்டல், மருந்துக் கடை என்று வங்காளத்தில் பலகை எழுதி வைத்திருக்கிறோம். ‘என்ன வேண்டும்’ என்பதை ‘கி லாக்பே’ என்று வங்காளத்தில் கேட்கிற அளவுக்கு நம் கடைப் பையன்கள் பேசப் பழகிவிட்டார்கள். மீன் குழம்புக்குக் கடுகெண்ணெய் ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறவருக்காக நம்மை மாற்றிக்கொண்டோம், கடை நன்றாகத்தான் நடக்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்து முக்காடு போட்டு வரும் பெண் பில் போட்டால் யார் முகம் சுளிக்கப் போகிறார்கள்? அந்த ஜவுளிக் கடையில் ரம்ஜான் வியாபாரம் தீபாவளிக்கு அடுத்த வியாபாரம். அந்தப் பில் எல்லாம் நான்தான் கூட்டினேன்.

பெயரைப் பார்த்து ஆளைத் தள்ளுவது நம் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு பேராசிரியர்களின் ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நாம் விண்ணப்பத்தை வாங்கியதும் கேட்கிற கேள்வி ஞாபகம் வந்தது: “வீடு எங்கே? எந்தத் தெரு?” பஸ் வசதிக்காகவா கேட்கிறோம்? ஆர்.என். பாளையம் என்றால் முஸ்லிம் என்று ஒரு கணக்கு, காலனி என்றால் தலித் என்று ஒரு கணக்கு என்று உள்ளுக்குள்ளே போட்டுக்கொள்ளத்தானே கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு மதம், சாதி பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்கிறது, ஆனால் அது அரசு வேலைக்கு. தனியார் வேலையில் மதம் பார்ப்பதைத் தடுக்க எல்லாருக்குமான ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. தம்ளர் விஷயம் வேறு. தீண்டாமையை 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. தீண்டாமையின் பேரால் ஒருவரை வேலையிலோ தொழிலிலோ ஒதுக்குவது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு ஆச்சாரம் என்று பெயர் வைத்தாலும் குற்றம்தான்.

அமெரிக்காவில் மதம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. அங்கே ஒரு துணிக்கடை நிறுவனம், தலையில் முக்காடு போட்டு வந்த ஒரு பெண்ணைத் தங்கள் கடை உடுப்பு விதிக்கு ஒத்து வராது என்று தள்ளிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தப் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். துணிக்கடை, முக்காடு. அதைப் படித்த அன்றைக்குக் கொணவட்டத்துப் பெண்ணின் பில் தாள்தான் என் கண் முன்னால் நின்றது. அதே அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்று ஒரு பெரிய கோழி உணவகக் கம்பெனி இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று 1946இல் முதல் கடை போட்ட காலத்திலிருந்து ஞாயிறு கடை திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டல் வியாபாரம் கொழிக்கும், அது உங்களுக்கே தெரியும். அந்த நஷ்டம் முதலாளி பற்றில் விழுகிறது. அப்படி ஒரு பக்தியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இவ்வளவு தூரம் போவானேன். நம் ஊர் மக்கான் சிக்னலில் ஒரு தூண் நிற்கிறது. ஒவ்வொரு ஜூலை 10ஆம் தேதியும் அங்கே மாலை போடுகிறார்கள். தினமும் அதைச் சுற்றித்தான் கடைக்குப் போகிறோம். அந்தத் தூண் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். 1805 கடைசியில் கும்பினிப் படையில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில், ஒரு உத்தரவு வந்தது. சிப்பாய்கள் வேலை நேரத்தில் நெற்றியில் சமயக் குறி வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி போட வேண்டும். பசுத்தோல் என்று இந்துக்களுக்கு ஆகாது, பன்றித்தோல் என்று முஸ்லிம்களுக்கு ஆகாது. 1806 மே மாதம் மாட்டேன் என்று சொன்னவர்களில் இரண்டு பேருக்குத் தலைக்கு 90 கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கில அதிகாரி ஜில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அதே நாளில் அடக்கினார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். திப்பு சுல்தான் பிள்ளைகள் கோட்டையில் இருந்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உடுப்பு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, தளபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வந்தவனின் நெற்றியிலும் தாடியிலும் முதலாளி கை வைத்ததற்காக எழுந்த ஊர் நம் ஊர். அந்தத் தூணுக்கு மாலை போட்ட கையோடு கடைக்கு வந்து, பொட்டு வைத்தால்தான் வேலை என்றும், தாடி எடுத்தால்தான் கவுண்டரில் உட்காரலாம் என்றும் நாம் சொல்லலாமா?

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமை பூசையை நிறுத்தச் சொல்லவில்லை, ஜும்ஆ தொழுகைக்குக் கடை சாத்துவதை விடச் சொல்லவில்லை, காலை ஜெபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதில் நிற்பதும் நிற்காததும் வேலை செய்கிறவர் இஷ்டம் என்று நீங்களே உங்கள் வாயால் ஒரு முறை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மேனேஜர் சொன்னால் போதாது, முதலாளி சொல்ல வேண்டும். தொழுகைக்காகக் கடை சாத்துகிற நேரத்துக்கு யார் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள்.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவன விடுமுறைச் சட்டப்படி நாலு தேசிய விடுமுறை போக ஐந்து பண்டிகை நாள் கொடுக்கிறோம். அந்தப் படிவத்தை வருடா வருடம் நிரப்பியவன் நான். ஐந்தையும் முதலாளி வீட்டுப் பண்டிகையாக எழுதிவிட்டு, ஆளுக்கு ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம். அதில் ஒன்றிரண்டையாவது வேலை செய்கிறவர்களைக் கேட்டு எழுதுங்கள். இதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. அந்தத் தம்ளரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எந்தெந்தக் கடையில் இன்னும் இருக்கிறதோ அவர்களுக்கே தெரியும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கடை என் சொத்து, யாரை வைத்துக்கொள்வது என் இஷ்டம் என்று சிலர் சொல்வீர்கள். 2021இல் கடையில் நிற்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தபோதும் இதே பேச்சுதான் வந்தது. இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். கால் வீங்காமல் சாயங்காலம் வரைக்கும் சிரித்த முகமாகத் துணி எடுத்துப் போடுகிறார்கள். அதனால் ஒரு கடையும் மூடவில்லை.

கடைசியாக ஒரு வேலை. விண்ணப்பப் படிவத்தில் மதம், சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எந்தக் காலத்தில் யார் போட்டார்களோ, அப்படியே அச்சடித்துக்கொண்டே வருகிறோம். அதற்குப் பதிலாக ஒரே பக்கத்தில் நான் ஒரு படிவம் எழுதி வைத்திருக்கிறேன். பெயர், படிப்பு, தெரிந்த வேலை, இதற்கு முன் பார்த்த இடம், போன் நம்பர். தெரு கூட இல்லை, விலாசம் ஆளை எடுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆயுத பூசைக்கு மேஜை அலமாரியெல்லாம் ஒழிக்கும்போது பழைய கட்டை எடுத்து எடைக்குப் போட்டுவிடுங்கள். எத்தனை படிவம் வேண்டும் என்று சொல்லுங்கள், கடைக்கே கொண்டு வந்து தருகிறேன். அச்சுக் கூலியை என் பற்றில் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் கணக்கு எழுதியவன்,
வேலூர்.